புளியோதரை டப்பாவில் வந்த மண்

என் நாத்தனார் எவர்சில்வர் டிபன் டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளே சோறில்லை; செம்மண். 1991. எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். மண் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராக இருந்தேன். மண்ணைக் கரைத்துப் பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்பது புகுந்த வீட்டாரின் எண்ணம். அண்ணி என்று நான் கூப்பிடும் இந்த நாத்தனார் மட்டும் தேடி வந்துவிட்டார்.

“மல்லாட்ட மேல பச்சையாத்தான் கீது. புடுங்கினா எல்லாம் பொக்கு, உள்ள பருப்பே இல்ல. வித்துடலாம்ன்றாரு உங்கண்ணன். நீதாம்மா இன்னான்னு பாத்து சொல்லணும்.”

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை; அவர் ‘உங்கண்ணன்’ என்றது தன் கணவரை. ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் அவர்கள் நிலம். இன்றைய தொழிற்சாலைகள் அப்போது இல்லை. ஆனாலும் மனை போட நிலம் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

மண்ணை மோந்து பார்த்தேன். புளியோதரை வாசனை.

“டப்பாவக் கழுவினீங்களா அண்ணி?”

“தொடச்சிட்டுத்தான் போட்டேன்.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புளியின் புளிப்பு எது, மண்ணின் புளிப்பு எது என்று எந்தக் கருவி சொல்லும்? அந்த ஞாயிற்றுக்கிழமை நானே போய், மேட்டிலும் பள்ளத்திலுமாகப் பல இடங்களில் தோண்டி மண் எடுத்துவந்தேன். நிழலில் உலர்த்திச் சலித்தேன்.

தண்ணீரில் கரைத்ததுமே அமிலம் மிகுந்த மண் என்று தெரிந்துவிட்டது. கடலைக்குள் பருப்பு பிடிக்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும்; இப்படிப் புளித்த மண்ணில் அது போதாது. எவ்வளவு சுண்ணாம்பு போட்டால் அது அடங்கும் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கென்றே உள்ள கரைசலை மண்ணோடு சேர்த்துக் குலுக்கினால், அமிலத்தை அளக்கும் மீட்டரின் முள் இறங்கும். எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்குச் சுண்ணாம்பு கூட வேண்டும். முள் நான் நினைத்ததைவிடக் கீழே போய் நின்றது. மறுபடி செய்தேன். அதே இடம். கணக்குப் போட்டால் வண்டி வண்டியாகச் சுண்ணாம்புத் தூள் வேண்டும்.

“அவ்ளோ கொட்னா பூமியே வெந்து பூடும்மா” என்றார் அண்ணன்.

“இது வெத்தலைக்குத் தடவற சுண்ணாம்பு இல்லண்ணா. கல்ல அப்படியே அரைச்ச தூளு. சுடாது.”

“ஒரு தபா போட்டுத்தான் பாப்போமே. ஆவலன்னா வித்துக்கோங்க” என்று அண்ணி முடித்துவிட்டார்.

தூளைப் பரப்பி உழுது விதைத்தார்கள். அதன்பிறகு நான்தான் வெந்துகொண்டிருந்தேன். பயிர் போனால், வீட்டுக்கு வந்த மருமகள் நிலத்தைக் கெடுத்தாள் என்ற பேச்சு ஆயுளுக்கும் ஓயாது. பூ விட்டது என்று ஆள் வந்து சொன்னபோதும் மனம் ஆறவில்லை. மேலே பச்சையாக நின்று ஏமாற்றிய செடிதானே அது?

அறுவடைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். முதல் செடியை அண்ணனே பிடுங்கினார். மண்ணை உதறிவிட்டு, காய்களை ஒவ்வொன்றாக விரலிடுக்கில் வைத்து நசுக்கிப் பார்த்தார். ஒன்றுகூட அமுங்கவில்லை. இன்னொரு செடி, அதுவும் அப்படியே. ஒரு காயை உடைத்து, இளஞ்சிவப்புப் பருப்பை அண்ணியின் கையில் வைத்தார். நிலத்தை விற்கும் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவே இல்லை.

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னாம்மா, தல சுத்துதா?” என்று ஓடிவந்தார் அண்ணன்.

“இல்லண்ணா, பசிக்குது” என்றேன். விதைத்த நாளிலிருந்து பயத்தில் சரியாகச் சாப்பிடாத நான், அன்று அந்த வரப்பிலேயே இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.