வெள்ளத்தாய்க்கு ஒரு முறைத் தண்ணீர்

வெள்ளத்தாய் கூமாப்பட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மடவார் வளாகத்துக்குக் கிழக்கே கூட்டுக்கிணறு ஒன்றுண்டு. அதன் வடபக்கத்து ஒரு ஏக்கர் அவளுக்கு. தென்பக்கத்து ஒரு ஏக்கர் கொழுந்தன் பாண்டிச்செல்வத்துக்கு. 2014-இல் அவள் புருஷன் இறந்த பதினாறாம் நாள், காரியம் முடிந்த கையோடு அளவுச் சங்கிலியோடு வந்து நிலத்தைப் பிரித்தவன் அவன். அன்றோடு பேச்சு நின்றது. கிணற்றைத்தான் பிரிக்க முடியவில்லை. முறை வைத்து இறைத்தார்கள்.

பேச்சு நின்றதே தவிர வசவு நிற்கவில்லை. அவள் தன் வெள்ளாட்டைப் பார்த்துப் பேசுவாள். அவன் மோட்டாரைப் பார்த்துப் பேசுவான்.

"ஏட்டி, அந்தப் பக்கம் மேயாத. அது அண்ணன் சாவுக்குக் காத்திருந்தவிய காடு."

"ஏலே மோட்டாரு, தண்ணி தீந்தா நீயாவது அடங்கிருத. சில வாய் அடங்கவே மாட்டேங்கு."

போன வருஷம் மாசியில் கிணறு வற்றியது. ஒருமுறை இறைத்தால் மறுபடி ஊற எட்டு நாளானது. இருவரும் உளுந்துதான் விதைத்திருந்தார்கள். அவளுடையது பூத்து நின்றது. அவனுடையது ஒரு மாதம் பிந்திய விதைப்பு. அப்போதுதான் இலை விட்டிருந்தது. உளுந்துக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம். பூக்கும்போது ஒரு நனைப்பு, காய் திரளும்போது ஒரு நனைப்பு. அந்த இரண்டும் தவறினால் செடி நிற்கும், மணி இருக்காது. அன்று முறை அவனுடையது. அவள் செடியில் பூ உதிரத் தொடங்கியிருந்தது.

"ஏட்டி, பூ கொட்டுது. நேத்து மொளைச்ச செடிக்குத் தண்ணிக்கு என்ன அவசரமோ!"

பாண்டிச்செல்வம் சுவிட்சில் கைவைத்தபடி நின்றான். "மோட்டாரு, வேணும்னா மூஞ்சியப் பாத்துக் கேக்கச் சொல்லு. ஆட்டுக்கெல்லாம் முறை மாத்திக் குடுக்க முடியாது."

வெள்ளத்தாய் வாய்க்காலைத் தாண்டி அவன் எதிரே போய் நின்றாள். "பாண்டி, இன்னைக்கு எனக்கு விடுலே. அடுத்த முறைய நீ எடுத்துக்க."

"மதினிக்கு எம்பேரு ஞாபகம் இருக்கே!" பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பொன்னுராஜுக்கும் கேட்கும்படி சிரித்தான். பொன்னுராஜும் சிரித்தார். பிறகுதான் அவள் பக்கம் தண்ணீரைத் திருப்பினான்.

பூ உதிராமல் நின்றது, பிஞ்சு பிடித்தது. அவள் விட்டுக்கொடுத்த முறையில் அவன் இறைத்தான். அடுத்ததும் வழக்கப்படி அவன் முறைதான். அதற்குள் அவள் செடியில் காய் திரண்டது, நிலம் வெடித்தது. அவன் காட்டிலோ போன ஈரமே காயவில்லை. மின்சாரம் வந்தும் அவன் மோட்டாரைப் போடவில்லை.

"இன்னைக்கும் வேணும்னா கேளும் மதினி. ஒரு வார்த்ததானே?"

பொன்னுராஜ் களையெடுப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கேட்டால் கொடுத்திருப்பான். அது அவளுக்கும் தெரியும்.

வெள்ளத்தாய் ஆட்டின் கயிற்றை அவிழ்த்தாள். "வாட்டி, போவோம். கேட்டது ஒருத்தி, சிரிச்சது ரெண்டு பேரு."

அவள் முதுகுக்குப் பின்னால் மோட்டார் ஓடத் தொடங்கியது.

அறுத்தபோது காயில் பாதிதான் மணி, மீதி சப்பை. அடித்துக் குவித்தவள் உடனே தூற்றவில்லை. காற்று தெற்கே திரும்பும்வரை களத்தில் உட்கார்ந்திருந்தாள். திரும்பியதும் முறத்தை உயரத் தூக்கினாள். தூசியும் பதரும் பாண்டிச்செல்வத்தின் பூத்த உளுந்துமேல் போய்ப் படிந்தன.

"பாத்தியாட்டி," என்றாள் ஆட்டிடம், "அவியளுக்கும் பங்கு போயிருச்சு."