வெண்டைக்காய்க்குப் புளி ஊற்றிய அக்கா

வெண்டைக்காய் ஊறிய தண்ணீருக்கு ஒரு பச்சை வாசனை உண்டு... பகுதிநேர எம்.ஃபில். படித்த நாட்களில் எங்கள் ஆண்டிபட்டி வீடு முழுக்க அதே வாசனைதான்.

என் ஆய்வு இதுதான். முழுச் செடியில் காய்த்த வெண்டைக்காயின் கொழகொழப்பு ஒரு பக்கம். அதே செடியின் செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தால் வரும் கொழகொழப்பு மறுபக்கம். எது கெட்டி?

அந்தக் கொழகொழப்புக்குப் பெயர் பாலிசாக்கரைடு. சர்க்கரை மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும் நீளச் சங்கிலி. வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கைகோத்துக்கொண்டு வாசலைக் கடக்கப் பார்த்தால் எப்படி இருக்கும்? அதுபோலத்தான், தண்ணீர் வேகமாக ஓட முடியாது.

ஆய்வேட்டைக் கொடுக்க மறுநாள் கடைசி நாள். பாக்கி ஒரே ஒரு அளவு. முந்தின நாள் ஊறவைத்து வடிகட்டியிருந்த தண்ணீரைத் தூக்குவாளியோடு எடுத்துக்கொண்டு, மூடியைக்கூடத் திறக்காமல் பெரியகுளத்துக்குப் பஸ் ஏறினேன்.

ஆய்வுக்கூடத்தில் என் வழிகாட்டிப் பேராசிரியர் அங்கே வளர்த்த குடுவைச் சாற்றையும் என் வாளித் தண்ணீரையும் மெல்லிய குழாயில் விட்டுப் பார்த்தார். குடுவைச் சாறு மெதுவாக இறங்கியது. வெண்டைக்காய்த் தண்ணீர் குழாய்த் தண்ணீராய் ஓடியது!

"யோவ், செடி தோத்துப்போச்சுய்யா! பெரிய கண்டுபிடிப்பு!" என்று துள்ளினார். வாளியை முகர்ந்ததும் முகம் மாறியது.

"ஏய்யா... இது வெண்டைக்காயா, புளிக்கொழம்பா?"

தேவாரம் ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு விருந்தாக வந்திருந்த அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஆமாலே, வழுவழுன்னு கெடந்துச்சு. புளித்தண்ணி ஊத்தி ஒரு கொதி விட்டேன். மனுசன் திங்க வேணாமா?"

"அக்கா, அது திங்கிறதுக்கு இல்லக்கா! பரிச்சைக்கு!"

"பரிச்சைக்கு எதுக்குலே வெண்டிக்கா? சாரு திட்டுனாகளா? அவுகளுக்கும் ஒரு தம்ளர் ஊத்திக் குடு. உப்பு மட்டும் பாத்துக்கச் சொல்லு."

பேராசிரியர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்றது. "புளிப்பு பட்டா வழுவழுப்பு போயிரும்னு ஒங்க அக்கா ஒரு கொதியில காட்டிட்டாகய்யா. ஓடு, சந்தைக்கு ஓடு!"

புதுக் காயை வாங்கி, நறுக்கி, ஊறவைத்து, பொழுது சாய அளந்தோம். செடிதான் கெட்டி. மறுநாள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி, இதே மாதிரி ஆய்வு செய்வதாகச் சொல்லி ஒரு வரைபடம் அனுப்பினாள். இரண்டு வண்ணக் கோடுகள், அத்தனை அழகு. எல்லாம் மெஷின் வேலை.

"தொட்டுப் பாத்தியாம்மா, எது வழுவழுப்புன்னு?" என்றேன்.

"ஐயோ சார், தொடவே கூடாது. சாம்பிள் கெட்டுரும்!"

சரிதான்... எனக்கு அன்று ஆண்டிபட்டி பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த டிக்கெட், வெண்டைக்காய் நறுக்கிய விரலில் ஒட்டிக்கொண்டு, வீடு வந்து சேரும்வரை பிரியவே இல்லை.