அத்தானை வாய் மூட வைத்த ஆராய்ச்சி

அத்தானுக்கு யோசனை சொல்வதுதான் மூச்சு. முடி வெட்டுபவருக்குக் கத்தரி பிடிக்கும் விதம் சொல்வார். பல் பிடுங்கப் போன இடத்தில், பஞ்சு அடைத்த வாயோடு, டாக்டருக்கு வாடகை குறைவான கட்டடம் காட்டிக் கொடுத்தவர். ஆராய்ச்சி நிலையத்தில் நத்தைகளின் தூக்கத்தைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, இப்போது ஆய்வகங்களுக்கு ஃபிரிட்ஜ் விற்கிறார்.

நிலையத்தின் பழைய மாணவர் சங்கம் ஒரு திட்டம் தொடங்கியது. வேலை விஷயத்தில் குழம்பி நிற்பவர்களுக்கு, வெளியே போய் நிலைத்தவர்கள் வழிகாட்ட வேண்டும். அத்தான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

வேறு சங்கமாக இருந்தால் நல்ல காரியம் என்று நம்பி நடத்தியிருக்கும். இவர்கள் விஞ்ஞானிகள். வழிகாட்டுவதால் பயன் உண்டா என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டுமாம். புது மருந்தைச் சோதிக்கும்போது பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை கொடுப்பார்களே, அதுபோல வழிகாட்டிகளில் பாதிப் பேர் யோசனையே சொல்லக் கூடாது. 'ம்', 'சரி', 'அப்புறம்?' இவ்வளவுக்குத்தான் அனுமதி. கேட்க வருபவருக்கு இது தெரியவும் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அத்தான் வெறும் மாத்திரையானார்.

"கடவுள் இருக்காருடா," என்றாள் அக்கா என்னிடம்.

அத்தானுக்கு ஒதுக்கப்பட்டவர் பாசி ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்மணி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். அவருடைய ஒப்பந்தம் முடியப்போகிறது. நிலையத்திலேயே இன்னும் கொஞ்ச காலம் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஒரு டைல்ஸ் கம்பெனி கூப்பிடுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இத்தனை வருஷம் பாசியை வளர்த்தேன் சார். அவங்க தரையில வராம கொல்லணும்ங்கறாங்க. ஆனா நிரந்தர வேலை."

"ம்," என்றார் அத்தான். கழுத்து நரம்பு புடைத்தது.

"என் இடத்துல நீங்க இருந்தா என்ன சார் பண்ணுவீங்க?"

"அப்புறம்?" என்றார் அத்தான், கண்ணில் நீர் முட்ட.

அந்தப் பெண்மணி சற்று யோசித்துவிட்டு, மேலே பேசிக்கொண்டே போனார். அத்தான் டீ போடும் சாக்கில், அக்காவும் நானும் இருந்த சமையலறைக்கு ஓடி வந்து கதவைச் சாத்தினார்.

"போகவே கூடாதுடி அந்தம்மா! நானும் இப்படித்தான் நத்தையை விட்டுட்டு..."

"மெதுவா. சோதனை கெட்டுடும்."

"ஒரு மனுஷி வாழ்க்கை கெடுதேடி!"

"உங்க யோசனையைக் கேட்டு யாரு வாழ்க்கை தேறியிருக்கு? என் தம்பியைப் பாருங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சர்க்கரை டப்பாவைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை வரை தாங்கினார். அன்று சாயங்காலம் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேராக அந்தப் பெண்மணியின் ஆய்வகத்துக்குப் போனார். வாசலில் நின்றபடியே கொட்டித் தீர்த்தார். டைல்ஸ் கம்பெனியில் ஆராய்ச்சி கிடையாது, விற்பனைதான். பிடித்ததை விட்டவனுக்குச் சோறு இறங்காது. ஃபிரிட்ஜ் இறக்கிவைக்க இந்தக் கட்டடத்துக்கு வரும்போதெல்லாம் பழைய நத்தை அறையைத் தவிர்த்துச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. இப்போது பேசியதால் சங்கம் தன்னை நீக்கிவிடும், அதுவும் பரவாயில்லை.

அந்தப் பெண்மணி கையுறையைக் கழற்றினார்.

"சார், நான் திங்கக்கிழமையே கம்பெனிக்குச் சரின்னு சொல்லிட்டேன்."

"ஐயையோ! யாரைக் கேட்டு?"

"யாரைக் கேட்டாலும் நான் வாயைத் திறக்கறதுக்குள்ள யோசனை சொன்னாங்க. நீங்கதான் கடைசிவரைக்கும் கேட்டீங்க. பேசப் பேச எனக்கே புரிஞ்சுது, இங்க இருக்க எனக்குப் பிடிக்கலைன்னு. அதை வெளிய சொல்றதுக்குத்தான் பயந்துட்டு இருந்திருக்கேன்."

அத்தான் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப நீங்க சொன்னதெல்லாம் எனக்கா சார், உங்களுக்கா?"

கேட்டுவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. நத்தையை ஏன் விட்டீங்க?"

அத்தான் உட்கார்ந்தார். அந்தப் பெண்மணி அவசரப்படவில்லை. பாசித் தட்டுகளை ஒவ்வொன்றாக அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு காத்திருந்தார்.