மழை பெய்தால் சிறுநீரகம்

எங்கள் வீட்டில் வேலைநிறுத்தம் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் ஆறுவதற்குள். வேலையை நிறுத்தியவள் என் மகள். நிறுத்தியது எனக்கு எதிராக. இருபது வருடமாகத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பித்துக்கொண்டு, துரைமாரைத் திட்டிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த நான், என் வீட்டு வாசற்கூடத்திலேயே ஒரு துரையாகிப்போன கதை இது.

மகள் ஒரு பனிதேசத்தில், புலமைப்பரிசிலில், ஆறு வருடம் மருத்துவம் படித்துத் திரும்பியிருந்தாள். பட்டம் உண்டு. ஆனால் வெளிநாட்டில் படித்து வந்தவர்கள் இங்கே ஒரு பரீட்சையில் தேறினால்தான் பதிவு. பதிவு இருந்தால்தான் ஆஸ்பத்திரிக்குள் டொக்டராகக் காலெடுத்து வைக்கலாம். முதல் தடவை மயிரிழையில் தவறவிட்டாள். இரண்டாம் தடவைக்கு ஐந்து மாதம் இருந்தது.

"இந்தத் தடவையும் வரலன்னா கொழும்புல பாமசி ஒண்ணுல வேலைக்குப் போயிருவேன்பா. திரும்பவும் உக்காந்து படிக்க எனக்குத் தெம்பில்ல."

றொசல்ல ஸ்டேஷன் பெஞ்சில் வைத்துச் சொன்னாள். அழவில்லை. ஒரு கையால் குடையை மடக்கிக்கொண்டே, போகிறபோக்கில் எதையோ சொல்வதுபோலச் சொன்னாள். அழுதிருந்தால் ஆறுதல் சொல்லிவிட்டு என் பாட்டில் இருந்திருப்பேன். அழாததால் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். யாரும் தரவில்லை; எடுத்துக்கொண்டேன்.

நான் எந்தப் புத்தகத்தையும் முழுதாகப் படித்து முடித்தவனல்ல. என் கட்டிலைச் சுற்றி எப்போதும் பத்துப் புத்தகம் குப்புறக் கிடக்கும். ஓடையில் கல்லுக்குக் கல் தாவுவதுபோல ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவேன், அக்கரை போய்ச் சேர்ந்ததில்லை. கவிதைக்கு அது ஒத்துவரும். ஈரலுக்கு ஒத்துவராது என்று அப்போது தெரியாது.

ரயிலில் எதிரே உட்கார்ந்தவரின் மருமகன் எந்தப் புத்தகத்தால் தேறினானோ அந்தப் புத்தகம் மறுவாரம் எங்கள் வீட்டில் இருந்தது. இறம்பொடையில் ஒரு பழைய டொக்டரின் பரணிலிருந்து, கரப்பான்கள் பாதி படித்து முடித்த ஒன்று வந்தது. ஹட்டனில் பிரதியெடுத்துச் சுருள்கம்பி கோத்தவை எட்டு. ஃபோனில் குழுக்கள் வேறு: மலைமேல் தண்ணீர்த் தாங்கியடியில் மட்டும்தான் எங்களுக்கு சிக்னல், அங்கே போய் நின்றால் முந்நூறு பேர் முந்நூறு புத்தகத்தின் பெயரைச் சொன்னார்கள். மறுபடி இறங்கி வரும்போது மகள் ஒரு வயது கூடியவளாகத் தெரிந்தாள்.

உடப்புசல்லாவையில் ஒருவர் ஒரு புத்தகத்தை ஒரு மணிநேரத்துக்கு மட்டும் தருவதாகச் சொன்னார். இரண்டு பஸ் மாறிப் போய், முழுப் புத்தகத்தையும் ஃபோனில் படமெடுத்துக்கொண்டு வந்தேன். போர்க்களத்திலிருந்து திரும்புகிறவனைப்போல வீட்டுக்குள் நுழைந்தேன். மகள் அரைமணிநேரம் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"அப்பா, இந்த புக்ல எல்லாருக்கும் நோய் வருது. ஒருத்தருக்கும் சொகமாவுறதில்ல."

வலப்பக்கங்களை மட்டும் எடுத்திருந்தேன். இடப்பக்கத்தை என் இடது கை அமுக்கிப் பிடித்திருந்தது. அறிகுறிகள் வலப்பக்கத்தில், சிகிச்சைகள் என் உள்ளங்கைக்குக் கீழே.

"சரி, இத்தன இருக்கே, எதுலதாம்பா ஆரம்பிக்கிறது?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா."

அடுத்தது அட்டவணை. பழைய நாட்காட்டி ஒன்றின் முதுகில் மூன்று நிறப் பேனாவால் எழுதினேன். கிழமைகளின்படி படிப்பது உயிரற்ற காரியம் என்று எனக்குப் பட்டது. மனித உடம்பு வானிலையோடு சேர்ந்தது. ஆகவே பனிமூட்டமான நாளில் நுரையீரல். வெயிலடித்தால் தோல். காற்று வீசினால் நரம்பு. மேகம் சும்மா நின்றால் மனநோய். மழை பெய்தால் சிறுநீரகம். அழகாக இருந்தது. இப்போதும் சொல்கிறேன், அழகாக இருந்தது. மகளும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள், முதல் இரண்டு வாரம் சந்தோஷமாகவே படித்தாள்.

பிறகு மழை பிடித்தது.

வட்டவளைப் பக்கத்து மழையில் பிறந்து, அதில் நனைந்து பள்ளிக்கூடம் போய், அதைப்பற்றியே எழுதித் தலை நரைத்தவன் நான். அட்டவணை போடும்போது மட்டும் அது ஞாபகம் வரவில்லை. மூன்று வாரம் விடாத மழை. மூன்று வாரம் சிறுநீரகம். ஐந்தாம் நாள் அவள் தண்ணீர் குடிக்கும்போது அளந்து குடித்தாள். பதினோராம் நாள் பருப்புக்கறியைப் பார்த்து, "இதுல பொட்டாசியம் எவ்வளவு இருக்கும்?" என்று தனக்குள் பேசினாள்.

என் மனைவி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அம்மாமார் மலைக்குப் போகும்போது விட்டுச்செல்லும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். அவளுக்கு ஒரு நேரத்தில் பதினைந்து அழுகையைப் பிரித்தறியும் காது உண்டு. "ஏங்க, வெயிலடிச்சாதான் அந்தப் புள்ள வேற உறுப்பு படிக்குமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் பொறு. வானம் வெளுக்கும்."

வெளுக்கவில்லை. வெளுக்காத வானத்தின்மேல் இருந்த கோபத்தில் நான் அளவைக் கூட்டினேன்.

அளவு என்றால் இதுதான். மலையில் கொழுந்தெடுப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று இருக்கிறது. எடுத்தால் முழு நாள், அதற்குப் 'பேர்' என்பார்கள். குறைந்தால் அரைப்பேர். என் மனைவியின் தங்கை கொழுந்தெடுப்பவள், தோட்டத்துச் சங்கத்தில் மாதர் தலைவி. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு எங்கள் வீட்டுக்குக் கீழே நடக்கும்போது கூட்டத்தோடு நின்று, "டொக்டரம்மா! இன்னைக்குப் பேரா, அரைப்பேரா?" என்று கத்துவாள். மகளும் எட்டிப் பார்த்துப் பதில் சொல்வாள். நாளுக்கு அறுபது கேள்வி என்பது நான் வைத்த அளவு. ஒருநாள் நான்கு மணிக்கே அறுபதையும் முடித்துவிட்டாள். மறுநாள் எண்பது ஆக்கினேன். எண்பதையும் முடித்தாள். நூறு ஆக்கினேன். இதற்குமுன் இதே காரியத்தை யார் யார் செய்திருக்கிறார்கள், அவர்களை நான் என்னென்ன எழுதியிருக்கிறேன் என்பது ஒரு கணமும் தோன்றவில்லை.

முதலில் அவள் வேகத்தைக் குறைத்தாள். ஒரு கேள்வியை அரைமணிநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை புத்தகத்தை மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள்.

"என்ன பாப்பா?"

"வேலநிறுத்தம்."

மனைவி அவளுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு வரவில்லை. போராட்டத்துக்கு ஆதரவு பரவுகிறது என்று விளங்கியது.

மாலையில் மாதர் தலைவி வந்தாள். இடுப்பில் கட்டிய சாக்குத்துணியில் மழை சொட்ட, பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க அத்தான். எதுக்கு நூறு?"

"அன்னைக்கு எம்பது செஞ்சாளே."

"அன்னைக்கு எம்பதுன்னா இன்னைக்கு நூறா? இந்தப் பேச்ச நான் எத்தன தொரமாரு வாயில கேட்டிருக்கேன் தெரியுமா? அவங்களாச்சும் கால்சட்ட போட்டுக்கிட்டுப் பேசுனாங்க. நீங்க சாரத்தக் கட்டிக்கிட்டுப் பேசுறீங்க."

"நான்... பரிசீலிக்கிறேன்."

"அக்கா, கேட்டியா! பரிசீலிக்கிறாராம்! வார்த்தைகூட அப்படியே வருது பாரு."

உள்ளேயிருந்து மனைவியின் சிரிப்பு கேட்டது. மகள், "சித்தி, அளவ மட்டும் பேசாதீங்க, மழையையும் பேசுங்க," என்று நாட்காட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். சித்தி அதை விளக்குக்கு நேரே பிடித்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். வெயில், தோல். காற்று, நரம்பு. மழை என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். வெளியே அது பெய்துகொண்டிருந்தது. மறுபடி தாளைப் பார்த்தாள்.

"மூணு வாரமாவா?"

"மூணு வாரமா," என்றாள் மகள்.

சித்தி சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வேலையில் ஒரு பெரிய பிழையைக் கண்டவளின் முகம் வந்தது.

"அத்தான், எட்டாம் நம்பர் மலைய இன்னைக்கு எடுத்தோம்னா ஏழாம் நாளு திரும்ப அங்க நிக்கணும். விட்டா கொழுந்து முத்திரும். நீங்க இந்தப் புள்ளைய மூணு வாரமா ஒரே மலையில நிறுத்தி வச்சிருக்கீங்க. அந்த மலையில இனி கிள்ள ஒரு இல இருக்காது. மத்த மலையெல்லாம் காடாப் போயிருக்கும். மழ, வெயிலுன்னு நாங்க பாத்துக்கிட்டா இருக்கோம்?"

மகள் நாட்காட்டியைச் சித்தியிடமிருந்து வாங்கி மடித்தாள். பிறகு, "போன வாரம் நுரையீரல்ல ஒரு கேள்வி பாத்தேன் சித்தி. தெரிஞ்ச கேள்விதான். ஒண்ணுமே ஞாபகம் வரல," என்றாள். அதைச் சொல்லும்போது அவளுடைய குரல் றொசல்ல பெஞ்சில் கேட்ட குரலாக இருந்தது. நான் வாதாட வைத்திருந்ததையெல்லாம் மறந்துபோனேன்.

ஒப்பந்தம் அன்றைக்கே எழுதப்பட்டது. சொல்லச் சொல்ல எழுதியவன் நான், ஏனென்றால் என் கையெழுத்துதான் அழகு. நாளுக்கு ஐம்பது கேள்வி. சித்திக்குத் தெரியாமல் ஒன்றுகூடக் கூட்டக்கூடாது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஏழாம் நாள் மறுபடி போகவேண்டும், வானம் என்ன செய்தாலும். ஞாயிறும் பௌர்ணமிப் போயாவும் லீவு. வேலை நேரத்தில் அப்பா பத்தடிக்குள் வரக்கூடாது. புத்தகங்களுக்குக் கவ்வாத்து. கடைசியாக மகள் கேட்டுச் சேர்த்த சரத்து: சிறுநீரகம் என்ற சொல்லை அப்பா இனி உச்சரிக்கக்கூடாது.

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை முழங்காலளவுக்கு வெட்டி விடுவது. வெட்டிய மலையை முதல் வாரத்தில் பார்த்தால் கொலை நடந்த இடம்போல இருக்கும். எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. ஒரு மெல்லிய புத்தகத்தையும் பழைய வினாத்தாள்களையும் மகள் வைத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் சாக்குகளில் கட்டிலுக்கடியில் போயின. கரப்பான்களுக்கு மட்டும் படிப்பு தடைப்படவில்லை.

எனக்குத்தான் கை பரபரத்தது. பத்தடிக்கு அப்பால் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் நிற்பது? நடந்தேன். தண்டவாளத்தோரமாக வட்டவளைவரை நடந்தேன், திரும்பி நடந்தேன். ஒரு சனிக்கிழமை ஹட்டனில் என் கால்களே என்னைப் புத்தகக்கடைக்குள் கொண்டுபோயின. புதிய பதிப்பு, பளபளப்பான அட்டை, இரு பக்கங்களும் உள்ளது. மழைக்கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வீடு வந்தேன். பாதையில் மாதர் தலைவி எதிர்ப்பட்டாள்.

"அத்தான், சாப்பாடெல்லாம் எப்பிடி?"

"நல்லது, நல்லது."

"வயிறு சதுரமா இருக்கே."

அந்தப் புத்தகம் அவள் வீட்டு அலமாரியிலேயே பல மாதம் சிறையிருந்தது.

ஒரு பாடம் மட்டும் எந்தப் புத்தகத்திலும் அகப்படாமல் மகளை அலைக்கழித்தது. இங்கே எந்த மாதத்தில் குழந்தைக்கு எந்த ஊசி என்று அந்தப் பனிதேசத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. அவள் திரும்பத் திரும்பப் பிழைவிட்டு, பென்சிலால் மேசையைக் குத்திக்கொண்டிருந்தாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமல், பிறந்த அன்று தொடங்கி இரண்டு, நான்கு, ஆறு, ஒன்பது மாதம் என்று ஐந்து வயதுவரை ஊசியும் சொட்டுமருந்தும் வரிசை தப்பாமல் ஒப்பித்தாள். எந்த ஊசிக்கு அன்றிரவு காய்ச்சல் வரும், எதற்கு வராது என்பதும் சேர்த்து.

மகள் வாயைப் பிளந்தாள். "இதெல்லாம் ஒங்களுக்கு எப்பிடிம்மா?"

"ஊசி போட்ட மறுநாளு என் மடியிலதான அழுவுதுங்க."

அடுத்த ஞாயிறு ஒப்பந்தம் திருத்தப்பட்டது. அனுமதிக்கப்பட்ட வளங்கள்: ஒரு புத்தகம், வினாத்தாள்கள், அம்மா. மூன்றாவதை ஏழு நாளுக்கொருமுறை திருப்பிப் பார்க்கவேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். என் பெயரைச் சேர்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். பரிசீலிப்பதாகச் சொன்னார்கள்.

பரீட்சைக்குக் கொழும்புக்கு ரயிலில் போனபோதும் பெட்டியின் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டேன். எழுதிவிட்டு வெளியே வந்தவளிடம் எப்படி என்று கேட்டேன். "பேர் விழும்னு நெனைக்கிறேன்," என்றாள். "அந்த உறுப்புல ஏதாச்சும் வந்துச்சா?" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரத்து இருக்குப்பா," என்று முன்னே நடந்தாள். அவளுடைய நடையைப் பார்த்தால் நிறையவே வந்திருக்கும்போலத் தெரிந்தது. இன்றுவரை சொல்லவில்லை.

எழுத்தும் அதன்பின் செய்முறையும் முடிந்து, முடிவு வந்த நாளில் நாங்கள் தண்ணீர்த் தாங்கியடியில் நின்றோம். மலையெல்லாம் மூட்டம். ஃபோனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே எட்டாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவள் அங்கே ஏறுவதைப் பார்த்திருந்தார்கள். வரிசை முழுதும் கை ஓய்ந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றது. வட்டம் நின்றது. அவள் திரையை வெகுநேரம் பார்த்தாள். எனக்கு அவள் முகம் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது.

கீழேயிருந்து அந்தக் குரல் வந்தது. "டொக்டரம்மா! பேரா, அரைப்பேரா?"

மகள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள். "பேரு சித்தி! முழுப்பேரு!"

மலையில் எழுந்த கூச்சலில் கொழுந்துக்கூடைகள் ஆடின. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அழுதேனா என்று மனைவி பிறகு கேட்டாள். மூட்டம் என்று சொல்லிவிட்டேன். மகள் திரும்பிப் பார்த்தாள். எங்களுக்கிடையே சரியாகப் பத்தடி இருந்தது. இத்தனை மாதத்தில் அந்தத் தூரம் என் கால்களுக்குப் பாடமாகியிருந்தது.

"கிட்ட வாங்கப்பா. ஒப்பந்தம் முடிஞ்சிருச்சு."

போனேன். ஒரே குடைக்குள் நின்றோம். முதல் துளி குடைமேல் விழுந்தது, பிறகு கூட்டமாக.

நான் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தேன்.

"வேணாம்பா," என்றாள். "மழன்னு மட்டும் சொல்லுங்க. அதோட நிப்பாட்டிருங்க."