செல்வராசுவின் கிட்னியும் என் கணக்கும்

ஜோசியர் சொன்னது பலிக்காவிட்டால் பரிகாரம் சொல்லித் தப்பித்துக்கொள்வார். திண்டுக்கல் ஆஸ்பத்திரி ஒன்றில், நோயாளியின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு நிற்கும் என்று கணித்துச் சொல்லும் எனக்கு மறுநாளே லேப் ரிப்போர்ட் வந்துவிடும். எதையாவது முன்கூட்டிச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

சாக்குக் கழிவு

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் செல்வராசு, காலில் சீழ் பிடித்து வந்து சேர்ந்தார். கிருமி ரத்தத்தில் கலந்து கிட்னியையும் பதம் பார்த்திருந்தது. கொடுக்க வேண்டிய வான்கோமைசினோ வில்லங்கமான மருந்து. ரத்தத்தில் குறைந்தால் கிருமி சாகாது. கூடினால் இருக்கிற கிட்னியும் போய் டயாலிசிஸ்தான். கிட்னி வேலை செய்வதற்கேற்ப டோஸ் சொல்ல வேண்டியவன் நான்.

கணக்குக்கு எடை வேண்டும். அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. மனைவி மயிலாத்தாளிடம் கேட்டேன். அழுகைக்கு நடுவிலும் மார்க்கெட் பழக்கம் விடவில்லை.

"மண்டித் தராசுல ஏறி நின்னப்போ எழுபத்திரெண்டுங்க. சாக்குக்கு ஒரு கிலோ கழிச்சுக்கோங்க."

ஒரே கை

முதல் ரிப்போர்ட்டில் மருந்து, நான் சொன்னதைப்போல மூன்று மடங்கு. டாக்டர் மருந்தையே நிறுத்தப் பார்த்தார். நிறுத்தினால் கால் போய்விடும். வார்டுக்கு ஓடி விசாரித்தால், மருந்து ஏறிக்கொண்டிருந்த கையிலேயே ரத்தம் எடுத்திருக்கிறார்கள். குழாயில் வந்த மருந்தையே பிடித்து அளந்ததுபோல ஆகிவிட்டது. அடுத்த டோஸுக்கு முன் மறு கையில் எடுத்ததும் அளவு ஒழுங்காக வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது. ரத்தம் எடுத்த டெக்னீஷியன் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"அந்தக் கையிலதான் சார் நரம்பு நல்லாத் தெரிஞ்சுச்சு."

பழைய கிட்னி

அடுத்து வந்த ரிப்போர்ட்டில் மருந்து, நான் கணித்ததில் பாதிகூட இல்லை. மறுபடி மறுபடி கணக்குப் போட்டேன். பிழை தெரியவில்லை. மருந்து போதாமல் கிருமி தலைதூக்கிவிடுமோ என்ற பயத்தோடு வார்டுக்குப் போனேன். சிஸ்டர் ஆரோக்கியமேரி மூத்திரப் பையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"மனுசன் இம்புட்டு மூத்திரம் போறாரு. நீங்க இன்னும் பழைய கிட்னிக்கே கணக்குப் போட்டுட்டு இருக்கீங்களா சார்?"

விஷயம் அதுதான். கிட்னி விழித்துக்கொண்டு மருந்தை வேகமாக வெளியே தள்ளியிருக்கிறது. நானோ முந்தின நாள் கிட்னி ரிப்போர்ட்டை நம்பி உட்கார்ந்திருந்தேன். புது ரத்தப் பரிசோதனையும் கிட்னி தேறிவிட்டதாகவே சொன்னது. டோஸைக் கூட்டினோம், காய்ச்சலும் இறங்கியது. என் கணக்கு தப்பானதுதான் நல்ல சேதி என்று மயிலாத்தாளிடம் சொன்னேன். டயாலிசிஸ் வேண்டாமா என்று இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க கணக்கு இப்படியே தப்பா வந்துட்டு இருக்கட்டுங்க சார்."

சரியாகச் சொன்ன நாட்களில் இந்தத் தொழிலில் யாரும் என்னை இப்படி வாழ்த்தியதில்லை.