ஆறு எருமையும் ஓர் ஓட்டைக் குளமும்

கன்னியாகுமரி மாவட்டம் என்றாலே மழை என்று நினைக்கிறவர்கள் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒருமுறை வந்து பார்க்கலாம். மேற்கே புதுக்கடையில் குடை பிடித்துக்கொண்டு மீன் வாங்கும் நாளிலும் இங்கே காற்றாலைகள் சுற்றும், தூசி பறக்கும், அவ்வளவுதான். எங்கள் ஊர்க் குளம் ஐப்பசி மழையில் நிறைந்து, மாசி வரை கிடந்து, பங்குனியில் நடுவில் ஒரு கலங்கல் குழியாகச் சுருங்கிவிடும். கொக்குக்கும் ஆமைக்கும் விராலுக்கும் ஆட்டுக்கும் கோடை முழுக்க அந்தக் குழிதான் கதி.

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவன். மண் அடுக்குகளை மூன்று வண்ணச் சாக்கட்டியால் கரும்பலகையில் வரைவேன். மேலே வண்டல், அதன் கீழே நீரைத் தாங்கும் களிமண், அதற்கும் கீழே நீரை விழுங்கிவிடும் சரள். இருபது வருடமாக வரைகிற படம். அதன் நடு அடுக்கை நானே போய் உடைத்துவிட்டு வந்தேன்.

குளத்தைத் தூர்வார ஊரில் ஒரு வாட்ஸப் குழு உண்டாயிற்று. அதில் அதிகம் எழுதுகிறவன் நான் என்பதால் என்னையே பொறுப்பாளன் ஆக்கினார்கள். பதவி வந்ததும் முதல் வேலையாக, ‘குளத்தில் எருமைகளை இறக்கக் கூடாது’ என்று பலகை எழுதி நட்டேன். எருமை தண்ணீரைக் கலக்கி அசுத்தமாக்குகிறது என்பது என் கண்டுபிடிப்பு. ஊரில் எருமை வைத்திருந்தது ஒரே ஓர் அக்காதான். ஆறு உருப்படி. எங்கள் வீட்டுக் காலைத் தேநீரே அவள் கறக்கும் பாலில்தான். அந்த நன்றிகூட இல்லாமல் அவளைக் கூப்பிட்டுப் பலகையைக் காட்டினேன்.

“நல்ல எழுத்து சாரே,” என்றாள். “நான் படிச்சுட்டேன். இனி எருமைக்கும் படிச்சுக் குடுங்கோ.”

புரட்டாசியில் ஜேசிபி வந்தது. வண்டலை அள்ளி முடித்தபோது வாடகை நேரத்தில் முக்கால் மணி மிச்சம். மிச்சத்தை வீணாக்க மனம் வருமா? நடுக்குழியை இன்னும் ஆழமாக்கச் சொன்னேன். சற்று நேரத்தில் வண்டி ஓட்டியவர் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“களி முடிஞ்சு சரளு வருது சாரே. போதும்.”

“ரெண்டடி போவட்டும் மக்கா. ஆழம் இருந்தாத்தானே தண்ணி நிக்கும்.”

போயிற்று. தண்ணீரும்தான். ஐப்பசியின் முதல் மழையில் குழி தளும்பியது. நான் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பதிலுக்குக் கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. ஐந்தாம் நாள் காலையில் குழிக்குள் ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. படம் எடுக்கும்போது வழுக்கி விட்ட என் செருப்பு.

அக்கா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்டாவுக்கு அடியில ஓட்டை போட்டுட்டியளே சாரே. இப்பிடியே போனா பங்குனியில எருமைய எங்க கொண்டு முக்குவேன்? மேலுக்குத் தண்ணி இல்லன்னா அது வெயிலு தாங்காது. தையில வரச்சொல்லி யாவாரிகிட்ட சொல்லியாச்சு. ஆறையும் குடுத்துர வேண்டியதுதான்.”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். நான் அசட்டுத்தனமாக, “என்ன செய்யலாம்க்கா?” என்றேன்.

“உங்க வீட்டுலயும் வயலு உண்டுல்லா? தொழி அடிக்காம நட்டா வயலுல தண்ணி நிக்குமா?”

நடவுக்கு முன் வயலில் தண்ணீர் விட்டு, உழுது மிதித்துச் சேற்றைக் குழைப்பதைத்தான் தொழி என்போம். குழைந்த சேறு அடியை மெழுகியதுபோல் மூடிக்கொள்ளும். தொழியில் விழுந்து வளர்ந்தவன் நான். கரும்பலகையில் அதை வரைந்ததில்லை, அதனால் மறந்துவிட்டது.

வெட்டிய களிமண் கரையிலேயே குவிந்து கிடந்தது. வாட்ஸப் குழுவில் ஆள் கேட்டேன். கும்பிடும் கைகள்தான் மறுபடி வந்தன, மண்வெட்டி பிடிக்கும் கைகள் நான்கு. எல்லாருமாகக் களியைக் குழிக்குள் திரும்பத் தள்ளிப் பரப்பி, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் விட்டோம். என் பலகையைப் பிடுங்கிச் சேற்றில் நடக்கப் பாலமாகப் போட்டோம். அதன் மேல் நான் நடந்து, வழுக்கி, உள்ளே போனேன். எனக்குப் பின்னால் ஆறு எருமைகளும் இறங்கின.

நான்கு சுற்று மிதித்தவை ஒவ்வொன்றாகச் சேற்றில் படுத்துவிட்டன. திட்டம் பாழ் என்று நான் கம்பை ஓங்கினேன்.

“அடிக்காதீங்கோ,” என்றாள் அக்கா. “கெடந்து உருளட்டும். மிதிச்சா குழையும், உருண்டாத்தான் மெழுகும். வேணும்னா சாரும் கூட உருளுங்கோ.”

அதை நான் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தேன். இப்படி எட்டு நாள். காதுக்குள் களிமண்ணோடு வகுப்புக்குப் போனேன்.

கார்த்திகை மழையில் குழி மறுபடி நிறைந்தது. தினமும் பள்ளிக்குப் போகும் வழியில் பார்ப்பேன். முதல் வாரம் நாலு விரல் இறங்கியது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் நின்றது. மார்கழியில் ஓரத்தில் கோரை தலைகாட்ட, நாமக்கோழிகள் இரண்டு நீந்த வந்தன. வாய்க்கால் வழி ஏறி வந்த விரால் ஒன்று துள்ளியதைப் பார்த்து வண்டியைப் புளியமரத்தில் விட்டேன்.

தையில் வியாபாரி டெம்போவோடு வந்தார். எருமைகள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு குழிக்குள் கிடந்தன.

“கரையேத்துங்கக்கா, வண்டி நிக்கிது.”

“விக்கல்ல. குளத்துல தண்ணி நின்னுட்டு.”

“சொன்ன சொல்லு என்னாச்சு?”

“தண்ணி இல்லன்னா தாறேன்னுதானே சொன்னேன். இவ்வளவு தண்ணியில நீங்களே எறங்கிப் புடிச்சா கொண்டு போங்கோ.”

அவர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு என்னைப் பார்த்தார். “எவ்வளவு ஆழம் சார்?”

எனக்கு முந்திக்கொண்டு அக்கா பதில் சொன்னாள். “அத அவருகிட்ட கேக்காதீங்கோ.”

வியாபாரி சுருட்டியதை அவிழ்த்துவிட்டு, டெம்போவைக் காலியாகவே திருப்பினார். அக்கா அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. கடைசி எருமையின் முதுகில் தண்ணீரை அள்ளி வீசிக்கொண்டிருந்தாள்.