நாற்பத்தொரு சுற்று

கடைசல் பட்டறைக்காரருக்கு இருபத்தாறு வருஷத் தொழில். ஒரு கம்பியைக் கையில் வாங்கியதுமே இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடுவார். அளந்து பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தத் தலைக்கனம் அவருக்கு உண்டென்று அவர் மனைவியே சொல்வாள். அளவு தெரியாமல் வந்து நிற்பவர்களைக் கண்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அன்று மத்தியானம் வேன்காரம்மா ஒரு அலாய் சக்கரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். நோயாளிகளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் கொண்டுபோய் விடுகிறவள். முதலில் அந்த வேனை ஓட்டியவர் அவள் புருஷன். அவருக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. புத்தகம் கட்டும் கடையில் தாள் மடித்துக்கொண்டிருந்தவள், முப்பத்துநாலு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பதினோரு வருஷம் ஆகிறது. புருஷன் இன்றைக்கும் பக்கத்து சீட்டில்தான். ஏறுகிறவர்களுக்குக் கை கொடுப்பது அவர் வேலை.

வேனுக்கு வயது இருபத்திரண்டு. இரண்டு மாதத்துக்கு முன் அதன் இரும்புச் சக்கரம் ஒன்றில், போல்ட் துளையை ஒட்டி விரிசல் விட்டிருந்தது. மற்ற மூன்றும் துருவேறி உதிர்ந்தன. அந்தச் சக்கரம் இப்போது எங்கும் வருவதில்லை, வண்டியை எடைக்குப் போட்டுவிடு என்றார் டயர் கடைக்காரர். அவள் கேட்கவில்லை. மூன்று வாரம் பழைய வண்டி உடைக்கும் இடங்களாக அலைந்து, வேறு கம்பெனியின் பெரிய வேனிலிருந்து கழற்றிய நான்கு அலாய் சக்கரங்களைக் கண்டுபிடித்தாள். ஐந்து துளை, அதே இடைவெளி. உள்பக்கத்து அழுக்கைச் சுரண்டி, ஒரு சக்கரம் எவ்வளவு எடை தாங்கும் என்று வார்த்திருந்த எண்ணையும் படித்துவிட்டுத்தான் வாங்கினாள்.

அலாய் தடிமன் அதிகம் என்பதால் நீள போல்ட்டாகப் போட்டு மாட்டினார்கள். வண்டிக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. ஆனால் வேகம் ஐம்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங் உதறியது. வயிற்றில் தையல் போட்டிருந்த ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். அன்றோடு சவாரியை நிறுத்தினாள். டயர் கடைக்காரர் இரண்டு தடவை பேலன்ஸ் பார்த்துவிட்டு, வயதான வண்டி ஆடத்தான் செய்யும் என்று கையை விரித்தார்.

அவள் வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு, சக்கரத்தைச் சுழலவிட்டு, ஓரத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்தாள். ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்தது. சக்கரம் நட்டநடுவில் உட்காரவில்லை. கழற்றிப் பார்த்தால், சக்கரத்தின் நடுத்துளை அது மாட்டுகிற அச்சு முனைக் குடத்தைவிடப் பெரிது. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் வேண்டும்.

இதையெல்லாம் அவள் சொல்லி முடித்ததும் பட்டறைக்காரர் சலித்துக்கொண்டார்.

"கேப் எவ்வளவுன்னு தெரியாம நான் எப்படிம்மா கடையுறது?"

"தெரியும்ணே. நாப்பத்தோரு சுத்து."

சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து காகித வளையம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். செய்தித்தாளை ஒரே அகலத்தில் கீறி, குடத்தின்மேல் இறுக்கமாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரத்தை மாட்டிப் பார்த்திருக்கிறாள். நாற்பதில் ஒரு மயிரிழை ஆட்டம் இருந்ததாம். நாற்பத்திரண்டில் நுழையவில்லையாம்.

பட்டறைக்காரர் வெர்னியரை எடுத்தார். காகித வளையத்தின் கனம் இரண்டு புள்ளி ஒன்பது மில்லிமீட்டர். நேரே வாசலில் ஜாக்கிமேல் நின்ற வேனுக்குப் போய்க் குடத்தை அளந்தார், திரும்பி வந்து சக்கரத்தின் துளையை அளந்தார், கழித்துப் பாதியாக்கினார். இரண்டு புள்ளி ஒன்பது. கருவியில்தான் கோளாறோ என்று துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். அதேதான்.

கையிலிருந்த வேலையை அப்படியே ஓரங்கட்டிவிட்டு நான்கு அலுமினிய வளையம் கடைந்தார். சாயங்காலத்துக்குள் மாட்டியாகிவிட்டது. தானும் வருவதாகச் சொல்லி, நோயாளிகள் உட்காரும் சீட்டில் ஏறிக்கொண்டார். நாற்பது. ஐம்பது. அவர் தன்னையறியாமல் கம்பியைப் பிடித்தார். அறுபது. எழுபது. தரை இருப்பதே தெரியவில்லை.

முன்சீட்டிலிருந்து புருஷன் கேட்டார், "எவ்வளவுல போற?"

"எழுவதுங்க."

அவர் டாஷ்போர்டின்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு, "நான் ஓட்டினப்பகூட இப்படிப் போனதில்ல," என்றார். பின்னால் இருந்த பட்டறைக்காரர் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும் என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் வந்து நின்றாள். ஸ்பேனரை அவரிடம் தரவில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக அவளே முடுக்கினாள். ஸ்டெப்னி இன்னும் பழைய இரும்புச் சக்கரம்தானே, அதற்கு இந்த நீள போல்ட் ஒத்து வராதே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எச்சரிக்கலாமென்று பின்கதவைத் திறந்தார். ஸ்டெப்னியோடு சேர்த்து ஒரு துணிப்பை கட்டியிருந்தது. உள்ளே எண்ணெய் தடவிய ஐந்து பழைய போல்ட். பைமேல் தையல் எழுத்தில், 'இரும்புச் சக்கரத்துக்கு மட்டும்.'

சத்தம் காட்டாமல் கதவைச் சாத்தினார்.